சொல்லாத எதிர்பார்ப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள்

ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை பழக்கும் குழுத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், தகுதிகாண் பருவ மதிப்பீட்டுப் படிவம் ஒன்றில் நான் ஒரு வரி எழுதினேன்: ‘தானாக முன்வந்து செயல்படுவதில்லை.’ எழுத ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த வரியை வைத்து ஒரு பெண்ணுக்குப் பணி நிரந்தரம் மறுக்கப்பட்டது. அவருக்கு அதுதான் முதல் வேலை.

கடைசி நாளில் அடையாள அட்டையைத் திருப்பித் தர என் மேசைக்கு வந்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை. “ஒரு சந்தேகம் கேட்கலாமா சார்?” என்றார். “கொடுத்த வேலை முடிந்ததும் அடுத்ததை நானே எடுத்துச் செய்யலாம் என்று எனக்குத் தெரியாது. பயிற்சிக்குப் போன இடத்தில் சொல்லாமல் ஒரு கோப்பைத் தொட்டதற்குத் திட்டு வாங்கினேன். அதனால் இங்கே நீங்கள் கூப்பிடும்வரை காத்திருந்தேன். நானே கேட்டிருக்க வேண்டுமோ?”

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று மாதம் அவர் அடக்கம் என்று நினைத்துச் செய்ததை நான் சோம்பல் என்று படித்திருக்கிறேன். ‘இங்கே வேலை முடிந்தால் பொதுப் பட்டியலில் இருந்து அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லியிருந்தால் போதும். நானும் சொல்லவில்லை, என் குழுவில் வேறு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

பதினெட்டு ஆண்டுகளாக நேர்முகத் தேர்வு மேசையில் உங்கள் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். வெளியில் நின்று குறை சொல்பவனின் கடிதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. ஒருவரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்களோ அதை வாய்திறந்து சொல்லுங்கள். சொல்லிய பிறகு மதிப்பிடுங்கள்.

1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை நடத்தினார். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்டவை 120 பாட்டுகள். கேட்டவர்கள் சரியாகச் சொன்னவை 3. தட்டுகிறவரின் தலைக்குள் மெட்டும் வரிகளும் முழுதாக ஓடிக்கொண்டிருக்கின்றன. கேட்பவருக்கு மேசையில் விரல் படும் ஓசை மட்டும்தான்.

நம் அலுவலகங்களில் தினமும் நடப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் தலைக்குள் ஓடும் பாட்டு நமக்கு அவ்வளவு சத்தமாகக் கேட்கிறது. அது அவர்களுக்குக் கேட்கவில்லை என்பதையே நம்ப மறுக்கிறோம்.

விளம்பரத்திலேயே இது தொடங்கிவிடுகிறது. ‘புதியவர்கள் விண்ணப்பிக்கலாம், இரண்டு ஆண்டு அனுபவம் அவசியம்’ என்று ஒரே விளம்பரத்தில் எழுதுகிறோம். ‘அழுத்தத்திலும் நிதானமாகப் பணியாற்றக்கூடியவர்’ என்கிறோம். மாதக் கடைசியில் நான்கு நாள் இரவு பத்து மணிவரை இருக்க வேண்டும் என்பது அதன் பொருளானால், அதை அப்படியே எழுதுங்கள். முடியும் என்பவர் வருவார், வீட்டில் கைக்குழந்தையோ படுத்த படுக்கையாகப் பெற்றோரோ இருப்பவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். இருவருக்கும் அது நல்லது. ‘சம்பளம் தகுதிக்கேற்ப’ என்ற வரியும் அப்படித்தான். எவ்வளவு தர முடியும் என்பது நமக்குத் தெரியும், நிதித்துறையில் ஒப்புதல் வாங்கித்தான் விளம்பரமே கொடுத்திருக்கிறோம். ஆனாலும் எதிரே இருப்பவரை முதலில் ஒரு தொகை சொல்ல வைக்கிறோம். புதியவர் குறைத்துச் சொல்வார். அந்தக் குறைவு அவருடைய அடுத்த பத்து ஆண்டுச் சம்பள உயர்வுகளிலும் தொடரும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மைச் சட்டம், தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ நேர்முகத் தேர்வுக்கு முன்பே தெரிவிக்கச் சொல்கிறது, பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பழைய சம்பளத்தைக் கேட்பதற்கு எதிராக 2016இலேயே சட்டம் இயற்றியது. அப்படி ஒரு சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் முகவர்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. அவர்கள் விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை, 181ஆம் எண், தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதைப் பொது விதியாக வைக்கிறது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிவிட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரால் முதல் நாளில் எந்தக் கேள்வியையும் துணிந்து கேட்க முடியாது. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதும் அதே ரகம்தான். பிரதிகளைச் சரிபார்த்துவிட்டு அசலை அன்றே கையில் கொடுத்து அனுப்புங்கள்.

அடுத்து, நேர்முகத் தேர்வு. ‘ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும்’ என்று நானும் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்முகத் தேர்வு, போகிற போக்கில் பேசிப் பார்ப்பதைவிடப் பிற்கால வேலைத் திறனை நன்றாகக் கணிக்கிறது. ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் காட்டினார்கள். பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022இல் அந்தக் கணக்குகளை மீண்டும் போட்டுப் பார்த்தபோது, ஆராயப்பட்ட முறைகளிலேயே இப்படி ஒழுங்குபடுத்திய நேர்முகத் தேர்வுதான் முதலிடத்தில் வந்தது. நாம் விளம்பரத்தில் அவ்வளவு அழுத்தமாகக் கேட்கும் ‘இத்தனை ஆண்டு அனுபவம்’ என்பதோ கணிக்கும் திறனில் வெகுவாகப் பின்தங்கியிருக்கிறது.

ஆகவே என்ன சோதிக்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ‘ஒரு மணி நேரம். முதல் அரை மணி ஒரு சிறு கணக்கைச் செய்து காட்ட வேண்டும். பிறகு நீங்கள் செய்த ஒரு வேலையைப் பற்றிப் பேசுவோம். மூன்று பேர் இருப்போம்.’ இந்த நான்கு வரிகளை மின்னஞ்சலில் எழுதத் தொடங்கிய பிறகு என் அறைக்கு வந்தவர்களின் முகமே மாறியிருந்தது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு என்ன பதில் வேண்டும் என்பது, வீட்டில் ஏற்கெனவே அலுவலக வேலை பார்த்த ஒருவர் இருந்தால் தெரியும். குடும்பத்திலேயே முதன்முதலாக அலுவலகத்தில் நுழையும் பிள்ளை ஊர், பெற்றோர், படித்த பள்ளி என்று சொல்லத் தொடங்கும். நாம் நேரத்தைப் பார்த்துக்கொண்டு ‘தொடர்புத் திறன் சுமார்’ என்று எழுதுகிறோம். அங்கே நாம் அளந்தது அந்தப் பிள்ளையின் திறமையை அல்ல. அதற்கு முன்னால் யாரும் வழி சொல்லித் தரவில்லை என்பதைத்தான் அளந்திருக்கிறோம்.

பெயரைப் பார்த்து ஒதுக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்கு மரியான் பெர்ட்ரண்ட், செந்தில் முல்லைநாதன் இருவரும் ஏறத்தாழ 5,000 தன்விவரக் குறிப்புகளை அனுப்பிப் பார்த்தார்கள். தகுதிகள் ஒத்திருக்க, பெயரை மட்டும் மாற்றினார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், கறுப்பினத்தவருடையது போன்ற பெயர் இருந்தவற்றைவிட, வெள்ளையருடையது போன்ற பெயர் இருந்த குறிப்புகளுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. பெயரை மறைத்துவிட்டு முதல் சுற்றைப் படிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. திருமணம் எப்போது, குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்லப் போவதில்லை. நிறுத்துங்கள், அவ்வளவுதான். வேலையிடத்து வன்முறை, துன்புறுத்தல் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு உடன்படிக்கை, 190ஆம் எண், வேலை தேடுகிறவரையும் விண்ணப்பிப்பவரையும்கூடத் தன் பாதுகாப்புக்குள் சேர்த்திருக்கிறது.

நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு நாம் காக்கும் மௌனம் கொடுமையானது. ‘தெரிவிக்கிறோம்’ என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த ஒரு சொல்லை நம்பி, வேறு இடத்துக்கு விண்ணப்பிக்காமல், அலைபேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 25 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் நிறுவனங்கள், நேர்முகத் தேர்வுக்கு வந்தவருக்கு 45 நாளுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2026 ஜனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. ‘இம்முறை இல்லை’ என்று எழுத இரண்டு நிமிடம் போதும். முடிந்தால் ஏன் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். நான் அப்படி எழுதிய ஒரு வரிக்கு ஓராண்டு கழித்து நன்றிக் கடிதம் வந்தது. அவர் வேறோர் இடத்தில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, ஆளை எடுத்துவிட்டோம். முதல் நாள் வருகிறார். கணினி தயாராக இல்லை, கடவுச்சொல் நாளைக்குத்தான் கிடைக்கும், பழக்க வேண்டியவர் விடுப்பில் இருக்கிறார். ‘கொஞ்சம் உட்காருங்கள்’ என்கிறோம். அவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகும் இருக்கிறார். கிளம்பலாமா என்று யாரைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. எழுபது பக்க விதிமுறைப் புத்தகத்தைக் கையில் கொடுத்திருப்போம், கையெழுத்தும் வாங்கியிருப்போம். அவருக்கு அன்றைக்குத் தேவைப்பட்ட ஒரு விஷயம்கூட அதில் இருக்காது.

நான் சொல்லும் எதிர்பார்ப்புகள் வேறு வகை. உடம்பு சரியில்லை என்றால் யாருக்கு, எத்தனை மணிக்குள், போனிலா குறுஞ்செய்தியிலா சொல்ல வேண்டும்? மின்னஞ்சலுக்கு அன்றே பதில் எழுத வேண்டுமா, மறுநாள் போதுமா? ஒரு வேலையில் மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரம் தானே முயல வேண்டும், எப்போது வந்து கேட்க வேண்டும்? கூட்டத்தில் புதியவர் பேசலாமா, குறிப்பு எடுத்தால் போதுமா? தவறு நேர்ந்தால் முதலில் யாரிடம் போக வேண்டும்? இரவு ஒன்பது மணிக்கு மேலாளரிடமிருந்து செய்தி வந்தால் அப்போதே பதில் சொல்ல வேண்டுமா? ஒவ்வோர் அலுவலகத்திலும் இவற்றுக்குத் திட்டமான பதில்கள் இருக்கின்றன. பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எழுதித்தான் வைக்கவில்லை.

சொற்களும் இப்படியே. ‘ஒரு வரைவு போட்டுக் கொண்டுவா’ என்று ஒரு இளைஞரிடம் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் அரைகுறையாக ஒரு பக்கம் வரும், உட்கார்ந்து சேர்ந்து திருத்தலாம் என்பது என் கணக்கு. அவர் நான்கு நாள் கழித்து, அட்டவணையும் படமும் பிழைதிருத்தமுமாகப் பதினாறு பக்கம் கொண்டுவந்தார். அதற்குள் கெடு போய்விட்டது. நான் கோபப்பட்டேன். கல்லூரியில் வரைவு என்று கொடுத்ததற்கும் மதிப்பெண் போட்டார்களாம். அரைகுறையாக ஒன்றை மேலதிகாரியிடம் நீட்டுவது மரியாதைக் குறைவு என்று அவர் நினைத்திருக்கிறார். அன்று முதல் வேலை கொடுக்கும்போது மூன்றைச் சேர்த்தே சொல்கிறேன்: எப்போது வேண்டும், எவ்வளவு முடிந்திருந்தால் போதும், இது யார் கைக்குப் போகப் போகிறது. ‘அவசரம்’, ‘முடிந்தபோது பாருங்கள்’, ‘சீக்கிரம்’ ஆகிய மூன்று சொற்களையும் மணியும் தேதியும் இல்லாமல் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். பழகச் சில மாதங்கள் ஆயின.

‘சந்தேகம் இருந்தால் கேளுங்கள்’ என்று எல்லோரும்தான் சொல்கிறோம். கேட்டால் என்ன நடக்கிறது என்பதைத்தான் புதியவர் பார்க்கிறார். முதல் கேள்விக்கு நாம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னால், இரண்டாவது கேள்வி வராது. ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல தலைமை இருந்த குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தது தெரியவந்தது. அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொல்ல முடிந்தது, அதனால் பதிவாயின என்பதே அவர் கண்ட விளக்கம். உங்களிடம் சந்தேகமே கேட்காத புதியவர் எல்லாம் புரிந்து நடக்கிறார் என்று நிம்மதி அடையாதீர்கள். நான் அப்படி நிம்மதியாக இருந்த மூன்று மாதத்தின் கதையைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

புதியவர்கள் பக்கம் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெரியாத மென்பொருளைத் தெரியும் என்று தன்விவரக் குறிப்பில் எழுதுவது தவறு. ஐம்பது இடத்துக்கு ஒரே கடிதத்தை அனுப்பி, நிறுவனத்தின் பெயரைக்கூட மாற்றாமல் விடுவது தவறு. நியமனக் கடிதத்தை ஒப்புக்கொண்டுவிட்டுச் சொல்லாமல் வராமல் இருப்பது, வேலை தள்ளிப்போகும் என்று திங்களன்றே தெரிந்தும் வெள்ளிவரை வாய்திறக்காமல் இருப்பது, இவற்றால் நானும் அவதிப்பட்டிருக்கிறேன். ஆனால் இரு தரப்பும் சம பலத்தில் இல்லை. அவருக்கு இது வாடகையும் வீட்டுச் செலவும். நமக்கு இன்னொரு படிவம். விதி தெரிந்தவர் நாம்தான், முதலில் பேச வேண்டியவரும் நாம்தான்.

தகுதிகாண் பருவத்தை நாம் பெரும்பாலும் ஒரு பொறியைப் போல நடத்துகிறோம். கடைசி வாரம்வரை ‘எல்லாம் சரி’ என்று தலையாட்டிவிட்டு, கடைசி நாளில் பட்டியலை நீட்டுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுச் சட்டம் தகுதிகாண் பருவம் பொதுவாக ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. சம்பளம், வேலை நேரம் போன்ற அடிப்படை விவரங்களைச் சேர்ந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும் என்றும், சட்டப்படி தந்தாக வேண்டிய பயிற்சிக்கு ஊழியரிடம் பணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. சட்டம் அவ்வளவு தூரம்தான் வர முடியும். மீதி நம் கையில். இரண்டாவது வாரத்தில் ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை, இருபது நிமிடம் எதிரெதிரே உட்காருங்கள். எது நன்றாகப் போகிறது, எது மாற வேண்டும் என்று உதாரணத்தோடு சொல்லுங்கள். ‘ஆர்வம் போதவில்லை’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு முன் அறிக்கையைப் படிக்காமல் வந்தீர்கள், அடுத்த முறை படித்துவிட்டு வாருங்கள்’ என்றால் அவர் செய்ய முடியும். ஆறாவது வாரத்தில் அவரிடம் சொல்லாத ஒரு குறையைக் கடைசிப் படிவத்தில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் போன பிறகு என் குழுவில் ஒரு தாள் தயாரித்தோம். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம். மேலே சொன்ன கேள்விகளும் எங்கள் பதில்களும் அதில் இருக்கின்றன. ‘வேலை முடிந்தால் அடுத்ததை நீங்களே எடுக்கலாம்’ என்பது முதல் வரி. முதல் நாள் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறோம். தாளின் அடியில் நான்கு வரி இடம் காலியாக விட்டிருக்கிறோம். ‘நாங்கள் சொல்ல மறந்ததை ஒரு மாதம் கழித்து இங்கே எழுதித் தாருங்கள்’ என்று கேட்கிறோம். எழுதித் தருகிறார்கள். அவற்றையெல்லாம் சேர்த்துச் சேர்த்துத் தாள் இதுவரை ஏழு முறை மாறியிருக்கிறது.

கடைசியாக வந்தவர் எழுதியது இது: ‘காலைக் கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்துவிடக் கூடாதே என்று இரண்டு வாரம் நின்றுகொண்டே இருந்தேன்.’

அந்த இரண்டு வாரமும் நான் அதே அறையில்தான் இருந்தேன்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
நேர்முகத் தேர்வு மேசையில் உங்கள் பக்கம் அமரும் ஒருவன்